இணக்கமும் பிணக்கும்: பழைய கணினிகளின் வீட்டுத் தொடர்பு

முற்றாகக் கெட்டுப்போன பொருளைத் திருத்துதல் எளிது. ஒருகால் இயங்கி ஒருகால் இயங்காதிருக்கும் பொருளைத் திருத்துதலே அரிது. எரியாத விளக்கின் குமிழை மாற்றிவிடலாம். எரிந்தும் அணைந்தும் ஆளை ஏய்க்கும் விளக்கிலோ, குமிழைப் பார்ப்பதா, கம்பியைப் பார்ப்பதா, ஆளியைப் பார்ப்பதா என்ற மயக்கம் எழுகின்றது. வைத்தியர் வரும் வேளையிலே தணிந்துவிடும் காய்ச்சலைப் போன்றது இத்தகைய பழுது. தேடும்போது மறையும், தேடாதபோது தோன்றும். வீட்டிலுள்ள பழைய கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பயன்படுத்துவோர் எதிர்ப்படும் இடர்களுட் பெரும்பாலானவை இவ்வகையினவே.

இன்று பல வீடுகளிலே ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகள் உள்ளன. புதியது வந்ததும் பழையது மூலைக்குச் செல்கின்றது. ஆயினும் அது வெறும் பழம்பொருள் அன்று. பிள்ளைகளின் சிறுபராயப் படங்கள், மறைந்த பெரியவர் தட்டெழுதி வைத்த குறிப்புகள், பத்துப் பதினைந்து ஆண்டுக் குடும்பக் கணக்குகள் ஆகியன அதனுள்ளேயே தங்கியிருக்கும். அவற்றைப் புதிய கணினிக்குக் கொண்டுவர முயலும்போது பாதிவழியிலே தொடர்பு அறுந்துவிடுகின்றது. காலையிலே கண்ணிற்பட்ட பழைய கணினி மாலையிலே காணாமற் போகின்றது. சில நாட்களிற் பொறுமையிழந்து, "இது பழசு, இனி உதவாது" என்று தீர்ப்பளித்து, உள்ளிருக்கும் செல்வத்தோடு அதனைக் கழித்துவிடுவோரும் உளர். உண்மையிலே குற்றம் பெரும்பாலும் அக்கணினியின் முதுமையில் இல்லை; ஒரு செருகியிலோ, ஒரு முகவரியிலோ, இரு கணினிகளும் பேசும் மொழியிலோ இருக்கும். அதனை முறைப்படி தேடும் வழியை அறிந்துகொண்டால் பொருளையும் காக்கலாம்; பொருளினும் அரிய நினைவுகளையும் காக்கலாம்.

தேடுமுன், கணினிகள் தம்முள் எவ்வாறு தொடர்புகொள்கின்றன என்பதைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கடிதம் செல்வதை எண்ணிப் பார்க்கலாம். முதலிலே பாதை வேண்டும். பாதை இருந்தால் வீட்டிலக்கம் வேண்டும். இலக்கம் தெரியாதவிடத்துப் பெயரைக் கொண்டு இலக்கத்தை விசாரித்தறியும் வழி வேண்டும். கடிதம் கைசேர்ந்தபின், அது எழுதப்பட்ட மொழி பெறுபவருக்கு விளங்குதல் வேண்டும். இறுதியாக, கேட்டதைக் கொடுக்க அவர் இசைதல் வேண்டும். பாதை, முகவரி, பெயர், மொழி, இசைவு என்னும் இவ்வைந்தும் கணினித் தொடர்பிலும் உள்ளன. வடம் அல்லது வானலை பாதையாகும், 192.168.1.10 என்பது போன்ற எண்தொடர் முகவரியாகும். கணினிக்கு இட்ட பெயர் பெயராகும். கோப்புகளைப் பரிமாறும் விதிமுறை மொழியாகும். கடவுச்சொல்லும் தீச்சுவரும் இசைவைத் தீர்மானிப்பனவாகும். கீழ்ப்படி உறுதிப்படாமல் மேற்படி உறுதிப்படாது. ஆகவே தேடுதலும் கீழிருந்து மேலாகச் செல்லுதல் வேண்டும்.

இத்தேடலுக்கு இரண்டு ஒழுங்குகள் இன்றியமையாதன. முதலாவது, குறித்து வைத்தல். தொடர்பு அறுந்த நாள், நேரம், அவ்வேளை வீட்டிலே வேறெவை இயங்கிக்கொண்டிருந்தன என்பவற்றை ஒரு பழைய அப்பியாசக் கொப்பியிற் குறித்து வந்தால், ஒரு கிழமைக்குள் ஓர் ஒழுங்கு புலப்படும். சமையல் நேரத்தில் மட்டும் அறுகின்ற தொடர்புக்கும், பிள்ளைகள் வீடு திரும்பியபின் மட்டும் அறுகின்ற தொடர்புக்கும் காரணம் ஒன்றாயிராது. இரண்டாவது, ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுதல். வடத்தையும் மாற்றி, அமைப்பையும் மாற்றி, பெட்டியையும் அணைத்தெழுப்பியபின் தொடர்பு சீரானால், எதனாற் சீரானது என்பது தெரியாது. பழுது திரும்பி வரும்போது தேடலை மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க நேரும்.

பாதையைச் சோதிப்பதற்கான எளிய கருவியொன்று ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் உண்டு. அதன் பெயர் பிங். அமெரிக்கத் தரைப்படையின் எறிகணையியல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய மைக் மியூஸ் என்பவர் 1983 டிசம்பரில் இதனை எழுதினார். நீருக்கடியில் ஒலியைச் செலுத்தி அதன் எதிரொலியைக் கொண்டு பொருள்களை அறியும் சோனர் கருவியின் ஓசையே இப்பெயருக்கு மூலம். ஒரு கணினி மற்றதற்குச் சிறு பொதியொன்றை அனுப்பி, அது திரும்பிவர எடுக்கும் நேரத்தை அளக்கின்றது. விண்டோஸ் கணினிகளிலே இது இயல்பாக 32 பைற்று அளவான நான்கு பொதிகளை மட்டும் அனுப்பி நின்றுவிடும். இடையிட்டுத் தோன்றும் பழுதைப் பிடிக்க நான்கு போதா. தொடர்ந்து அனுப்பும்படி பணித்து, அரை மணித்தியாலமேனும் ஓடவிடுதல் வேண்டும். பொதியின் அளவை 1400 பைற்றாகப் பெருப்பித்தும் சோதித்தல் நன்று. சிறு பொதிகள் தவறாது திரும்பி, பெரும் பொதிகள் இடையிடையே தொலையுமாயின், பாதை முற்றாக அறவில்லை, ஆனால் பழுதுற்றிருக்கின்றது என்பது தெளிவாகும்.

இக்கருவியைக் கையாண்ட ஒருவரின் உத்தியை மியூஸ் தம் குறிப்பொன்றிலே மகிழ்ச்சியோடு எடுத்துரைத்திருக்கின்றார். கணினிகளெல்லாம் ஒரே வடத்திலே மாலைபோற் கோக்கப்பட்டிருந்த காலம் அது. எங்கோ ஓர் இணைப்புத் தளர்ந்திருந்தது. அவர் பொதி திரும்பும் ஒவ்வொரு தடவையும் கணினி உரத்து ஒலிக்கும்படி செய்துவிட்டு, கட்டடமெங்கும் நடந்து சென்று இணைப்புகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாராம். எந்த இணைப்பை அசைத்தபோது ஒலி நின்றதோ, அதுவே குற்றவாளி. விலையுயர்ந்த கருவி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. வீட்டிலும் இதே முறையைக் கையாளலாம். ஒருவர் திரையைப் பார்த்திருக்க, மற்றவர் வடத்தை நுனியிலிருந்து நுனிவரை மெல்ல அசைத்து வந்தால், அறுந்த இடம் தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

கம்பிவழித் தொடர்பின் வரலாறு வானொலியோடு உறவுடையது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் தீவுகளுக்கிடையே வானலை மூலம் கணினிகளை இணைத்த அலோஹா வலையமைப்பு 1971 இல் இயங்கத் தொடங்கியது. அதன் முறையைக் கற்றுத் திருத்தி, 1973 இல் கலிபோர்ணியாவிலுள்ள செரொக்ஸ் ஆய்வு நிலையத்திலே றொபேட் மெற்காஃப், டேவிட் பொக்ஸ் ஆகியோர் ஈதர்நெற் என்னும் முறையை உருவாக்கினர். பேசுமுன் செவிமடுத்தல், பிறர் பேசும்போது பொறுத்தல், இருவர் பேச்சு மோதினால் இருவரும் விலகிச் சிறிது நேரம் தாமதித்து மீண்டும் பேசுதல் என்னும் சபை மரியாதையே அம்முறையின் உயிர்நாடி. 1990 இல் முறுக்கிய கம்பியிலே செக்கனுக்கு 10 மெகாபிற்று வேகமும், 1995 இல் 100 மெகாபிற்று வேகமும், 1999 இல் 1000 மெகாபிற்று வேகமும் நியமமாயின. வீட்டிலுள்ள பழைய கணினிகள் இம்மூன்று தலைமுறைகளுள் எதனையேனும் சார்ந்தவையாக இருக்கும்.

வடத்தினுள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக உள்ளன. முறுக்கு அழகுக்காக இடப்பட்டதன்று. ஓர் இணையின் இரு கம்பிகளும் எதிரெதிரான குறிகளைச் சுமப்பதால், முறுக்கினாலே புறக்குழப்பம் இரண்டிலும் சமமாகப் படிந்து நீங்கிவிடுகின்றது. 10, 100 மெகாபிற்று வேகங்களுக்கு 1, 2 ஆம் இடங்களிலுள்ள கம்பிகள் ஓர் இணையாகவும், 3, 6 ஆம் இடங்களிலுள்ளவை மற்றோர் இணையாகவும் பயன்படுகின்றன. வீட்டிலே தாமே செருகி பூட்டுவோர் இவ்விடத்திலேதான் தவறுகின்றனர். கம்பிகளை இணையிணையாக 1-2, 3-4, 5-6, 7-8 என வரிசையாக அடுக்கிவிடின், 3 ஆம் கம்பியும் 6 ஆம் கம்பியும் வெவ்வேறு முறுக்குகளைச் சேர்ந்தனவாகிவிடும். நுனிக்கு நுனி தொடர்பு பார்க்கும் சோதனைக் கருவி இவ்வடத்தை நல்லதென்றே காட்டும். இணைப்பு விளக்கும் எரியும். ஆனால் ஓர் இணையின் பேச்சு மற்றோர் இணையிற் கசியும். குறுகிய வடத்திலே குறைந்த வேகத்தில் ஒருவாறு ஒப்பேறும் தொடர்பு, வேகம் கூடியதும் தடுமாறும். கடையிலே செய்து விற்கும் வடமொன்றை இரவல் வாங்கியேனும் மாற்றிப் பார்ப்பது இச்சந்தேகத்தை ஐந்து நிமிடத்திலே தீர்த்துவிடும்.

வேறு சில எளிய குறைகளும் உள. செருகியின் பிடிநாக்கு முறிந்திருந்தால் மேசை அசையும்போதெல்லாம் தொடர்பு அறும். நெடுநாள் கழற்றாத செருகியின் தொடுமுனைகளிலே ஈரக்காற்றால் அழுக்குப் படியும். இரண்டு மூன்று முறை கழற்றிப் பூட்டிய மாத்திரத்திலே தொடர்பு சீராவதும், சில கிழமையிலே மீண்டும் கெடுவதும் இதற்கு அறிகுறி. இரு பழைய கணினிகளை இடையிலே பெட்டி எதுவுமின்றி நேரே இணைப்பதாயின், அனுப்பும் இணையும் பெறும் இணையும் இடம்மாறிய குறுக்கு வடம் வேண்டும். பிற்காலத்து அட்டைகள் இம்மாற்றத்தைத் தாமே செய்துகொள்வதால், ஒரே வடம் ஒரு கணினியோடு வேலைசெய்து மற்றொன்றோடு வேலைசெய்யாதிருப்பது வியப்பன்று. வடத்தின் நீளம் 100 மீற்றரைத் தாண்டலாகாது என்பதும் விதி. வீடுகளில் இவ்வெல்லை பெரும்பாலும் மீறப்படுவதில்லை.

பாதை நல்லதாயிருந்தும் பேச்சு தடுமாறும் நிலை ஒன்றுண்டு. தேர்ந்தவர்களையும் மயக்குவது அது. ஒரு கம்பியின் இரு நுனிகளிலுமுள்ள கருவிகள், எவ்வேகத்திற் பேசுவது, ஒருவர் பேசும்போது மற்றவரும் பேசலாமா, மாறிமாறித்தான் பேசவேண்டுமா என்பவற்றைத் தொடக்கத்திலே தாமே பேசித் தீர்மானித்துக்கொள்ளும். பழைய கணினியொன்றிலே யாரோ ஒருவர் ஒருகால் "100, இருவழி" என்று கையாலே நிலைப்படுத்தி வைத்திருக்கலாம். அப்போது அது பேச்சுவார்த்தைக்கு வருவதில்லை. மறுநுனியிலுள்ள பெட்டி வேகத்தை மட்டும் உணர்ந்துகொள்ளும். இருவழியா ஒருவழியா என்பதை உணர இயலாமல், விதிப்படி மாறிமாறிப் பேசும் நிலைக்கு இறங்கிவிடும். ஒருவர் நினைத்தபோதெல்லாம் பேசுவார். மற்றவர் அதனை மோதல் என எண்ணிப் பேச்சை நிறுத்தி விலகுவார். பிங் அனுப்பும்போது ஒருவர் பேசி மற்றவர் விடையிறுப்பதால் மோதல் நிகழாது. சோதனை வெற்றி பெறும். பெரிய கோப்பொன்றை அனுப்பத் தொடங்கியதும் இருபுறமும் ஒருங்கே பேச, வேகம் ஆமைநடையாகும். சோதனையிலே நல்லது, வேலையிலே கெட்டது என்னும் இம்முரண்பாடே இந்நோயின் குறி. மருந்து எளிது: இரு நுனிகளையும் தாமே தீர்மானிக்கும் நிலையிலே விடுதல் வேண்டும்; அன்றேல் இரண்டையும் ஒரேவிதமாக நிலைப்படுத்தல் வேண்டும். ஒன்றை மட்டும் நிலைப்படுத்தல் ஆகாது.

பாதையைச் சார்ந்த மற்றொரு காரணம் மின்சாரம். ரவுற்றருக்கும் இணைப்புப் பெட்டிக்கும் மின் தரும், சுவரிற் செருகும் சிறு மின்வழங்கிகள் ஆண்டுகள் செல்லச் செல்ல நலிவடைகின்றன. அவற்றினுள்ளிருக்கும் மின்பகுபொருட் கொள்ளளவிகள் வெப்பத்தாற் காய்ந்து வலுவிழப்பதே காரணம். வேலைப்பளு கூடும் வேளையில் மின்னழுத்தம் தாழ, பெட்டி ஒரு கணம் உறங்கி விழிக்கும். எல்லாக் கணினிகளும் ஒருங்கே தொடர்பிழக்கும். ஒரு கணினி மட்டும் தொடர்பிழந்தால் குற்றம் அதனிடமோ அதன் வடத்திடமோ உண்டு. எல்லாம் ஒருங்கே இழந்தால் நடுப்பெட்டியையே ஐயுறல் வேண்டும். 1990களின் இறுதியிலிருந்து 2000களின் நடுப்பகுதிவரை வெளிவந்த கணினிகள் பலவற்றின் தாய்ப்பலகையிலும் குறைபாடுடைய கொள்ளளவிகள் இடம்பெற்றன. மேற்புறம் தட்டையாயிராது வீங்கியிருத்தலைக் கண்ணாலேயே காணலாம். இனி, மின்சிக்கனத்தின் பொருட்டு வலையமைப்பு அட்டையை உறங்கச் செய்யும் ஏற்பாடும் கணினிகளில் உண்டு. சிறிது நேரம் தொடாது விட்டபின் காணாமற்போகும் கணினியிலே முதலில் அந்த ஏற்பாட்டை நீக்கிப் பார்த்தல் வேண்டும்.

கம்பியில்லாத் தொடர்பிலே இடர்கள் இன்னும் பல. 1999 இல் நியமமான பழைய முறை செக்கனுக்கு 11 மெகாபிற்றும், 2003 இல் வந்தது 54 மெகாபிற்றும் உச்ச வேகமாகக் கொண்டவை. இரண்டும் 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசைப் பகுதியையே பயன்படுத்துகின்றன. மைக்கிரோ அலை அடுப்பும் அப்பகுதியிலேயே இயங்குவதால், சமையல் நேரத்திலே தொடர்பு தளர்வது இயல்பு. அயல்வீட்டு ரவுற்றரும் அதே தடத்திலே பேசினால் இருவருக்கும் இடைஞ்சல். ஒன்றையொன்று மேவாத 1, 6, 11 ஆம் தடங்களுள் ஒழிந்திருப்பதைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். பாதுகாப்பு முறையும் ஒரு தடையாகலாம். விண்டோஸ் எக்ஸ்பி கணினியிலே 2008 இல் வெளிவந்த மூன்றாம் சேவைப்பொதி இல்லாவிடின், 2004 இல் நிறைவான டபிள்யூ.பி.ஏ.2 முறையைக் கையாளத் தனித் திருத்தம் வேண்டும். மிகப் பழைய அட்டைகள் சில டபிள்யூ.ஈ.பி. என்னும் முறையை மட்டுமே அறியும். 2001 இலேயே ஆய்வாளர் அதன் பலவீனத்தை வெளிப்படுத்திவிட்டனர். ஒரு பழைய கணினிக்காக வீடு முழுவதன் பாதுகாப்பையும் அந்நிலைக்குத் தாழ்த்துதல் அறிவுடைமையாகாது. அக்கணினிக்கு ஒரு வடத்தை இழுத்துவிடுதலே தக்க வழி.

பாதை உறுதியானபின் முகவரியை நோக்குதல் வேண்டும். வீடுகளிலே முகவரிகளை ரவுற்றரே ஒரு தொகுதியிலிருந்து எடுத்துக் குறித்த காலத்துக்கு வாடகைக்கு வழங்குவதுபோல் வழங்குகின்றது. பழைய கணினிகளுக்கோ பெரும்பாலும் கையால் நிலையான முகவரி இடப்பட்டிருக்கும். அந்நிலையான முகவரி ரவுற்றரின் தொகுதிக்குள் அகப்பட்டிருந்தால், ஒருநாள் அதே முகவரி ஒரு கைத்தொலைபேசிக்கும் வழங்கப்படலாம். அத்தொலைபேசி வீட்டிலே இல்லாத பகலெல்லாம் பழைய கணினி நன்றாயிருக்கும். அதன் சொந்தக்காரர் மாலையிலே வீடு திரும்பியதும் கணினி தடுமாறும். ஒரே இலக்கத்தில் இரு வீடுகள் இருந்தால் தபாற்காரர் என்ன செய்வார்? நிலையான முகவரியைத் தொகுதிக்குப் புறம்பான எண்ணாக மாற்றினால் இப்பிணக்குத் தீரும். ஒரு கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், அது ரவுற்றரிடம் முகவரி கேட்டு விடை பெறாமல் தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள். அவ்வாறாயின் மீண்டும் பாதைக்கே திரும்புதல் வேண்டும்.

அடுத்தது பெயர். பழைய விண்டோஸ் கணினிகள் தம்முள் ஒன்றைத் தேர்ந்து, வீட்டிலுள்ள கணினிகளின் பெயர்ப்பட்டியலை அதனிடம் ஒப்படைக்கின்றன. ஒவ்வொரு கணினியும் 12 நிமிடத்துக்கொரு முறை "இருக்கின்றேன்" என்று அறிவிக்கும். மூன்று அறிவிப்புகள் வராது போனால், அதாவது 36 நிமிடத்தின் பின், அப்பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். பட்டியலின் பிரதியை வைத்திருக்கும் துணைக்கணினி 15 நிமிடத்துக்கொரு முறையே அதனைப் புதுப்பிப்பதால், அணைக்கப்பட்ட கணினியின் பெயர் 51 நிமிடம்வரை திரையில் நிலைத்திருக்கலாம். பட்டியலை வைத்திருந்த கணினியே திடீரென அணைக்கப்பட்டால் புதிய தேர்தல் நடந்து பட்டியல் மீண்டும் உருவாகச் சிறிது நேரம் செல்லும். ஆகவே பெயர் தெரியவில்லை என்பதனால் கணினி இல்லை என்றாகாது. பெயர் தெரிகின்றது என்பதனாற் கணினி இருக்கின்றது என்றுமாகாது. பெயரை விடுத்து முகவரியைக் கொண்டு நேரே அழைத்துப் பார்த்தல் வேண்டும். முகவரியால் அழைக்கக் கிடைத்து, பெயரால் அழைக்கக் கிடையாவிடின், குற்றம் பெயரளவில் நின்றுவிடுகின்றது. அத்தருணம் எப்போதும் முகவரியாலேயே அழைத்தல் போதிய மருந்தாகும்.

பாதையும் முகவரியும் பெயரும் சரியாயிருந்தும் பழைய கணினியும் புதிய கணினியும் பேசாதிருப்பது இன்று மிகுதி. அதற்குக் காரணம் மொழி. கோப்புகளைப் பகிரும் எஸ்.எம்.பி. என்னும் விதிமுறை 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்திலே தோன்றியது. 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி அதன் முதலாம் பதிப்பை மட்டுமே பேசும். 2007 சனவரியிலே பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விஸ்தாவும் அதன் பின்வந்தவையும் இரண்டாம் பதிப்பையும் அறிவன. 2017 மே 12 ஆம் திகதி வனாக்றை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை மருத்துவமனைகள் உட்படப் பல நிறுவனங்களை நிலைகுலைத்தது. அது நுழைந்த வழி, முதலாம் பதிப்பைக் கையாண்ட மென்பொருளிலிருந்த ஒரு பிழை. பிழைக்கான திருத்தம் அதற்கு இரு மாதம் முன்பே வெளியாகியிருந்தும் பலர் அதனை இடவில்லை. அவ்வாண்டு ஒக்ரோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், பழைய மொழியை மைக்ரோசொவ்ற் நிறுவனம் படிப்படியாக விலக்கத் தொடங்கியது.

இவ்விலக்கத்திலே ஒரு நுட்பம் உண்டு. அப்பதிப்புகள் சிலவற்றிலே பழைய மொழியிற் பேசும் பகுதி இருக்கும். ஆனால் கணினி இயங்கும் காலத்தில் மொத்தம் 15 நாட்கள் அது பயன்படாதிருந்தால் தானே தன்னை நீக்கிக்கொள்ளும். ஆகவே ஒரு மாதம் முன்பு படங்களைப் பிரதிசெய்தவர் இன்று மீண்டும் முயலும்போது, எவரும் எதையும் தொடாமலேயே தொடர்பு இல்லாது போயிருக்கும். பழைய கணினி பழுதாயிற்று என்று அவர் கருதுவது இயல்பு. உண்மையிலே மாறியது புதியதே. நீங்கிய பகுதியை மீண்டும் நிறுவலாம். ஆனால் அது திறந்து வைத்த பழைய வாயில் என்பதை மறத்தல் ஆகாது. வேலை முடிந்ததும் மூடிவிடுதல் வேண்டும்.

எஞ்சியது இசைவு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2004 இல் வந்த இரண்டாம் சேவைப்பொதி தீச்சுவரை இயல்பாகவே எழுப்பிவிடுகின்றது. கோப்புப் பகிர்வுக்கு அதில் இடம்விட்டிருக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். பிற்காலத்து விண்டோஸ், வலையமைப்பை வீட்டுக்குரியது, பொதுவிடத்துக்குரியது என வகுக்கும். பொதுவிடமெனக் கொண்டால் கதவைச் சாத்திவிடும். ஒரே வேளையிலே எத்தனை கணினிகள் நுழையலாம் என்பதற்கும் எல்லை உண்டு: எக்ஸ்பியின் வீட்டுப் பதிப்பில் 5, தொழிற் பதிப்பில் 10. ஆறாவதாக வருபவருக்குக் கதவு திறவாது. ஒருவர் வெளியேறியதும் திறக்கும். மேலும், 15 நிமிடம் பேச்சற்றிருக்கும் தொடர்பைக் கணினி தானே துண்டித்துவிடும். திரையிலே சிவப்புப் புள்ளடி தோன்றுவது இதனாலாகலாம். மீண்டும் திறக்க முயன்றதும் தொடர்பு உயிர்பெறுமாயின் அது பழுதன்று, வழக்கமே.

இவ்வாறு படிப்படியாகத் தேடினால் காரணம் அகப்படும். ஆயினும் காரணத்தைத் தேடுவதற்கு முன்பே செய்யவேண்டிய கடமையொன்று உண்டு. அது உள்ளிருக்கும் பொருளைக் காத்தல். தளர்ந்த தொடர்பு வழியாகக் கோப்புகளை இடம்பெயர்த்தல் ஆபத்தானது, பிரதிசெய்தலே தக்கது. மூலம் இருந்த இடத்திலேயே இருத்தல் வேண்டும். பாதியில் அறுந்த பிரதி, பெயராலும் அளவாலும் முழுமையானதுபோலவே தோன்றக்கூடும். ஆகவே எண்ணிக்கையும் அளவும் பார்த்தல் மட்டும் போதாது. ஒவ்வொரு கோப்புறையிலும் சிலவற்றைத் திறந்து பார்த்தல் வேண்டும். கணக்கேடு போன்றவற்றைத் தொலைவிலிருந்தே திறந்து எழுதுதலும் ஆகாது; எழுதும் கணத்திலே தொடர்பு அறுந்தால் ஏடு முழுவதுமே சிதையலாம். தொடர்பு எவ்வாற்றானும் சீராகாவிடின், பழைய கணினியின் வன்றட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி. இணைப்பி மூலம் புதிய கணினியோடு நேரே பொருத்திக் கோப்புகளை மீட்கலாம். வலையமைப்பு ஒரு வழியேயன்றி ஒரே வழி அன்று.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்பிரில் 8 ஆம் திகதியும், விண்டோஸ் 7 க்கானது 2020 சனவரி 14 ஆம் திகதியும், விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியும் முடிவுற்றன. இவற்றுள் எக்ஸ்பி போன்ற மிகப் பழைய கணினிகள் வீட்டுக்குள்ளே தம்முட் பேசலாம். இணையம் என்னும் பெருஞ்சந்தைக்குத் தனியே அனுப்பத்தக்கன அல்ல. பெறுமதியானவற்றை இரண்டு இடங்களிலே பிரதிசெய்து வைத்தபின், பழைய கணினியை வைத்திருப்பதா விடுவதா என்பதை ஆறுதலாகத் தீர்மானிக்கலாம். அத்தீர்மானம் ஆராய்ச்சியின் முடிவாக இருத்தல் வேண்டும். எரிச்சலின் முடிவாக இருத்தலாகாது. பாதை, முகவரி, பெயர், மொழி, இசைவு என்னும் ஐந்தையும் வரிசையாகக் கேட்டு விடை பெற்றவர்க்கு, பிணங்கிய கணினி எங்கே பிணங்குகின்றது என்பது தெரியும். தெரிந்த பிணக்கைத் தீர்த்து வைப்பது ஒரு பொழுதுக்குள் முடியும் வேலையே.